ஜனவரியில் டிக்கெட் போடாதே

பாளையங்கோட்டை,
ஜனவரி 27

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் போட்ட சத்தம், ஸ்பீக்கரில் போடாமலே அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. மைனி அனுப்பிய படத்தில் நான் சேற்றில் நிற்பதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வந்தது சரிதான். ஆனால் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, அவசர வேலை என்று வைத்துவிட்டால் நான் யாரிடம் பதில் சொல்வது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ரயிலில் வேலைக்குப் போகும்போது நிதானமாகப் படி.

இந்த வயதில் விடியற்காலையில் குளத்தங்கரையில் என்ன வேலை என்பது முதல் கேள்வி. விழுந்தால் யார் பார்ப்பது என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் சுலபம். எங்களோடு வருகிற மைனி ஆயுள் முழுக்க நர்சாக இருந்தவர். கட்டுத்துணியும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் பையில் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். சேறும் கணுக்கால் வரைதான். படத்தில்தான் முழங்கால் வரை தெரிகிறது. மூன்றாவது கேள்விதான் சுருக்கென்று தைத்தது. "பேரன் பிறந்தநாளுக்கு வர முடியாது, வாத்து எண்ண மட்டும் முடியுமா?"

முடியும். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு அப்பாதான் எழுந்து கருப்பட்டிக் காப்பி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார். கூட வரமாட்டார். அவருக்குத் தெரிந்த பறவைகள் காகமும் கோழியும்தான். ஆனால் நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "எத்தனை?" என்று கேட்பார். அதுவும் ஒருவகை ஆர்வம்தானே.

எங்கள் கூட்டத்தை உனக்குத் தெரியும், ஒருத்தியைத் தவிர. பலசரக்குக் கடை அண்ணாச்சி, கணக்கு சார், மைனி, நான். உனக்குத் தெரியாதவள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிற ஒரு பெண். உன்னைவிட ரொம்பச் சின்னவள். அன்றைக்கு எங்கள் நால்வருக்கும் அவள்தான் அதிகாரி. டெலஸ்கோப் அவளிடம், படிவம் அவளிடம், "மெதுவாகப் பேசுங்கள் தாத்தா" என்று அண்ணாச்சியை அடக்குகிற தைரியமும் அவளிடம். அண்ணாச்சி தும்பைப்பூ வெள்ளையில் வேட்டி சட்டையோடு வந்து இறங்கியதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பழுப்போ பச்சையோ உடுத்தி வாருங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாளாம். அவர் அதற்கும் அசரவில்லை. "கொக்கு என்று நினைத்துக்கொள்ளும், விடு" என்றார். கடைசியில் வேனில் கிடந்த கோதுமைச் சாக்கை அவர் தோளில் போர்த்திவிட்டோம்.

வேன் அண்ணாச்சியுடையது. வாரம் முழுக்க மல்லியும் பெருங்காயமும் ஏற்றுகிற வண்டி, ஏறி உட்கார்ந்தாலே பசிக்கிறது. மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. அங்கிருந்து விஜயநாராயணம் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. உங்கள் முனிச்சில் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு என்று நீ தினமும் சொல்கிறாய். இங்கே தை மாதப் பனிக்கே கணக்கு சார் குரங்குக் குல்லா, மப்ளர், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தார். சிரிக்காதே. எங்கள் குளிர் எங்களுக்கு.

விஜயநாராயணம் பெரிய குளத்தை நீ பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் உன்னைக் குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும்தான் கூட்டிப் போனோம். குளத்தைப் பார்க்க யார் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள்? கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். ஒரு பக்கம் காற்றாலைகள். இன்னொரு பக்கம் கடற்படையின் கட்டபொம்மன் தளத்துக் கம்பங்கள், நீருக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக நட்டவை. அவற்றில் உயரமானவை 471 மீட்டர். அந்தக் கம்பங்களின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்க, கீழே மடை ஓரத்தில் ஒரு முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அதுவும் நீர்மூழ்கிதான் என்றார் அண்ணாச்சி. அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

இனி வேலையைச் சொல்கிறேன். 2011 முதல் நம் பக்கத்துக் குளங்களில் ஜனவரி மாதம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், எங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். சம்பளம் கிடையாது. எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுத்து, குழு குழுவாகப் பிரித்துக் குளங்களுக்கு அனுப்புவார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

வாத்துக் கூட்டத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடியாது. முதலில் பத்து வாத்தை மட்டும் ஒழுங்காக எண்ண வேண்டும். அந்தப் பத்து, கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டம் பெரிதானால் பத்துக்குப் பதில் நூறு. அதாவது உத்தேசம். ஒரு ரூபாய் குறைந்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற கருவூலத்தில் காலத்தைக் கழித்த எனக்கு இந்த உத்தேசம் என்கிற சமாச்சாரம் வயிற்றைக் கலக்கியது. இப்போது பழகிவிட்டது. உத்தேசத்திலும் நேர்மை உண்டு, புளுகு உண்டு என்று கண்டுகொண்டேன்.

அன்றைக்கு நடந்ததையே சொல்கிறேனே. குளத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. டெலஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் நாமக்கோழிகள், நெற்றியில் வெள்ளை நாமம். அவற்றுக்கு அப்பால் ஊசிவால் வாத்துகள். ஆண் வாத்துக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு மேலேறி வரும், வால் ஊசிபோல நீண்டிருக்கும். இடையிடையே நீலச்சிறகி. அதில் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பிறைபோல ஒரு வெள்ளைப் புருவம். அந்தப் புருவம் ஒன்று இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம். பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு; அவற்றைப் பிரித்தறிவதற்கு அந்தப் பெண்ணின் கண் வேண்டும்.

நான் ஐநூறு வரை போயிருப்பேன். சட்டென்று குளம் முழுக்க ஓர் இரைச்சல். நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே நேரத்தில் தண்ணீரை அறைந்தால் எப்படி இருக்கும்! சம்பங்கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்தபடி, அலட்டிக்கொள்ளாமல் வந்தது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. சாக்லேட் உடம்பு, வெண்ணெய் நிற உச்சந்தலை, பெண். அது எதையும் தாக்கவில்லை. சும்மா ஒரு சுற்றுப் பார்வை, மேலதிகாரி ஆய்வுக்கு வந்த மாதிரி. ஆனால் ஊசிவால் மொத்தமும் எழுந்து, வானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீலச்சிறகிகளோடு கலந்து, வேறு இடத்தில் இறங்கியது. நாமக்கோழிகள் மட்டும் பறக்காமல் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே பந்தாகச் சேர்ந்தன. என் ஐநூறு போயிற்று. முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாம் முறை எண்ணி முடித்ததும் ஊசிவாலுக்கு என் கணக்கு 640. கணக்கு சார் 800. அண்ணாச்சி, "ஆயிரம் போடு, கேட்பதற்கு நன்றாக இருக்கும்" என்றார். கடையில் தராசை அப்படிப் பிடிப்பாரா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் யார் பக்கமும் பேசவில்லை. "கலந்து பேசாதீர்கள். ஆளுக்கொரு தாளில், தனித்தனியாக, இன்னொரு முறை" என்றாள். இந்தத் தடவை எனக்கு 680, கணக்கு சாருக்கு 710, அவளுக்கு 700. அவளுடையதையே எழுதினோம். குளத்தின் தெற்கு மூலையில், வெளிச்சம் கூசுகிற இடத்தில், இன்னொரு சின்னக் கூட்டம் இருந்தது. ஊசிவாலாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியது. அவள் அதை ஊசிவாலோடு சேர்க்கவில்லை. "இனம் தெரியாத வாத்து, 60" என்று தனி வரியில் எழுதினாள். மகளே, அந்த ஒரு வரிக்காகவே அவளைக் கருவூலத்தில் வேலைக்குச் சேர்த்திருப்பேன்.

எட்டரைக்கு வெயில் ஏறியது. மறுகால் பக்கம் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து, மைனி கொண்டுவந்த இட்லி மிளகாய்ப்பொடியும் அவித்த பனங்கிழங்கும் சாப்பிட்டோம். பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியும் கிழங்கு பூப்போல இருந்தது. கிழங்கு நாரை உரித்து உரித்து அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் யார் நிறுத்துவது? எங்கள் எதிரே வயலில் ஒரு நத்தைகுத்தி நாரைதான் நிறுத்தியது. அதன் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி சரியாகச் சேராதது போல. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது; வளர வளரத்தான் வரும். அது சேற்றுக்குள் அலகை விட்டு ஒரு நத்தையை எடுத்தது. ஓட்டை உடைக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உடைக்கவில்லை. நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூரான நுனியை வாசல் வழியாக உள்ளே நுழைத்து, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்து விழுங்கியது. ஓடு முழுசாகக் கீழே விழுந்தது. அண்ணாச்சி போய் அதைப் பொறுக்கி வந்து, விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அதைப் பேத்திக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து கூந்தன்குளம். கணக்கெடுப்புக்காக அல்ல, எங்கள் ஆசைக்காக. ஊர் உனக்கு நினைவிருக்கும். பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போயிருக்கிறோம். 1994-இல் சரணாலயம் ஆயிற்று. இப்போது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் பறவைக்கு அந்த அறிவிப்புகள் தெரியுமா? ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருப்பதுதான் அதற்குத் தெரியும். தெருவில் நடந்தால் தலைக்கு மேலே கூழைக்கடாக் கூடு. வேப்பமரம், புளியமரம் ஒன்றையும் விடவில்லை. நாங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, வாயில் இலையோடு ஒரு பச்சைக் கிளையைக் கவ்விக்கொண்டு ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு, மரக்கிளையில் உட்காரும்போது மரமே ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. கூட்டில் இருந்த ஜோடி அந்தக் கிளையை வாங்கி, இங்கே வைத்துப் பார்த்து, அங்கே வைத்துப் பார்த்து, கடைசியில் முதலில் வைத்த இடத்திலேயே செருகியது. அப்பா நம் வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்தின நாள் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம், இந்த நாற்றத்தை எப்படிச் சகித்துக்கொள்கிறீர்கள் என்று மைனி வெளிப்படையாகவே கேட்டார். உண்மையில் கவிச்சி வாடை பலமாகத்தான் இருந்தது. முற்றமெல்லாம் வெள்ளை எச்சம். அந்த அம்மா, "பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூக்கைப் பிடிக்க முடியுமா?" என்றார். பிறகு நடைமுறையும் சொன்னார். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். பறவை நிறைய வந்தால் மழை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. மழையால் பறவை வருகிறதா, பறவையால் மழை வருகிறதா என்று கணக்கு சார் வாதாடத் தொடங்கினார், இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியைப் பற்றிப் பத்திரிகைகளில் நீ படித்திருப்பாய். அந்த ஊரில் அவர் பெயரை எடுத்தால் இன்னும் முகம் மலர்கிறது.

நான் பார்க்கப் போனது வாத்தை. வரித்தலை வாத்து. இரவிலும் விடியற்காலையிலும் வயலில் புல் மேய்ந்துவிட்டு, பகலில் குளத்துத் திட்டில் வந்து ஓய்வெடுக்கும். நாங்கள் போனபோது ஒரு கூட்டம் கரைக்கு வெகு அருகில் இருந்தது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை. தலையின் பின்பக்கம் ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை கறுப்புப் பட்டை ஒன்று, அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று. ஒன்று மட்டும் காவலுக்குக் கழுத்தை நீட்டி நின்றது. மற்றவை ஒற்றைக் காலில் நின்றபடி அலகை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கின. தூங்குகிறது என்றுதான் நினைப்போம். டெலஸ்கோப்பில் பார்த்தால் ஒரு கண் திறந்திருக்கிறது.

இவை முட்டையிடுவது மங்கோலியா, திபெத் பக்கத்து உயர்ந்த ஏரிக்கரைகளில். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகளைக் கர்நாடகக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். வரும் வழியில் இமயமலை. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் என்று கணக்கு சார் அடித்துவிட்டார். அந்தப் பெண் பணிவாகத் திருத்தினாள். முதுகில் கருவி பொருத்தி ஆராய்ந்ததில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் 6,000 மீட்டருக்குக் கீழேதான். மலை ஏறினால் அதுவும் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். ஏறிய உயரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பறப்பதில்லை. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கிற இரவிலும் விடியற்காலையிலும் கடக்கும். ரத்தம் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிற விதமே மற்ற வாத்துகளிலிருந்து வேறு. எனக்கு எவரெஸ்ட் கதையைவிட இதுதான் பிடித்திருந்தது. உள்ளதே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது மேலே ஏன் கூட்டி எழுத வேண்டும்?

இப்போது உன் மூன்றாவது கேள்வி.

ஐப்பசி, கார்த்திகையில் பறவைகள் வந்துகொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஜனவரியில்தான் அங்கங்கே நிலைத்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. நம் ஊர்க் கணக்கெடுப்பும் அதே மாதத்தில். பிப்ரவரி கடைசியில் வந்து எண்ணிக்கொள்கிறேனே என்றால், ஏற்கெனவே கிளம்பியதை எங்கே போய் எண்ணுவது?

ஒரு வருடத்துக் கணக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது நம் பக்கத்துக் குளமெல்லாம் தளும்பிற்று. தளும்பினால் முக்குளிப்பானுக்குக் கொண்டாட்டம், சேற்றில் நடந்து இரை தேடுகிற உள்ளானுக்குக் கால் வைக்க இடமில்லை. அடுத்த மாதம் ஒரு குளத்தில் உள்ளான் குறைந்தால் அது செத்துவிட்டதா, சேறு தேடி வேறு குளத்துக்குப் போய்விட்டதா? அந்த ஒரு தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பல குளத்துத் தாள்களை, பல வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எதுவும் தெரியும். பேரேட்டில் ஒரு மாதம் விட்டுப்போனால் வருடாந்தரக் கணக்கே தொங்கும் என்று உனக்குச் சின்ன வயதில் எத்தனை இரவு சொல்லியிருக்கிறேன், நீ தூங்கிப்போவாய்.

அந்த எண்ணுக்கு அதிகாரமும் உண்டு. ஈரான் நாட்டு ராம்சார் ஊரில் 1971-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடினால், அல்லது ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் அங்கே இருந்தால், அது உலக முக்கியத்துவம் உள்ள இடம் என்று கேட்டுப் பெறலாம். நாளைக்கு ஒரு குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்ட யாராவது வந்தால், "இங்கே நிறையப் பறவை வரும்" என்று சொன்னால் எவனும் மதிக்கமாட்டான். வருடவாரியாக எழுதிய தாளை நீட்டினால் உட்கார்ந்து பேசுவான். "ஆயிரம் போடு" என்று அண்ணாச்சி கேட்டபோது நான் சண்டை பிடித்தது அதற்காகத்தான். ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மீதி எல்லா எண்ணும் போயிற்று.

பார்வை நன்றாக இருக்கிறது, கால் நடக்கிறது, பத்து வாத்தின் அகலம் கண்ணில் பதிந்திருக்கிறது. புதிதாக ஒருவரைப் பழக்கி எடுக்க நாளாகும். ஆகவே ஜனவரியில் மட்டும் எனக்கு டிக்கெட் போடாதே. பேரனுக்கு ஆறு வயதாகிறது, அவன் பிறந்தநாளில் நான் இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான். அதை இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அவனுடைய கேக்கை வெட்ட நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் இருக்கிறார்கள். இங்கே மடைக்கருகில் நிற்பதற்கு ஐந்து பேர்தான்.

இன்னொரு விஷயம். புரட்டாசியில் நீ அனுப்பிய படம், உங்கள் எங்லிஷர் கார்டன் பூங்காவில் பேரன் ஏதோ வாத்துக்கு ரொட்டி போடுகிற படம், அதைச் சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது வரித்தலைதான்" என்றாள். அதே இரண்டு பட்டை! அழகுக்காக வளர்த்தவை தப்பித்துப் பெருகி ஐரோப்பாவில் அங்கங்கே தங்கிவிட்டனவாம். முனிச் பூங்காக்களில் குஞ்சு பொரித்துக் குடும்பமாக இருக்கின்றனவாம். அவை இமயத்தைக் கண்டதில்லை. "அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார் கணக்கு சார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனங்கிழங்கு நாரை உரித்துக்கொண்டிருந்தேன். நீயும் இதில் உள்ளர்த்தம் எதையும் தேடாதே. சார் எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்லக்கூடியவர்.

விசா வேலையை அப்பா தொடங்கிவிட்டார். பிப்ரவரி 20-க்குப் பிறகு எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் போடு, இரண்டு பேருக்கும். ஜன்னல் ஓரம் அப்பாவுக்கு. பேரனுக்குச் சின்னதாக ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறேன், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், அவன் கைக்கு அடங்கும். அதற்குள் நீ ஒன்று செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போ. வெயில் இருந்தால் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, இரண்டு பட்டை உள்ளவை எத்தனை, மற்றவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். பட்டை தெரியாத தூரத்தில் இருப்பதை மூன்றாவதாக எழுது. அவன் சொல்கிற எண்ணைத் திருத்தாதே. உன்னுடையதை வேறு தாளில் எழுது. தேதி, நேரம் போட மறக்காதே. இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, மைனிக்கு வேண்டாம். ரொட்டி மட்டும் போட வேண்டாம், அது வாத்துக்கு ஆகாது.

அன்புடன்,
அம்மா